மலையில் நான் அணைக்காத கற்பூரம்

என் கையெழுத்து கோழி கிளறினது போல் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. எந்த இடத்தில் எந்த ர வரும் என்று இந்த வயதிலும் எனக்குக் குழப்பம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுத்துப் பிழையைத் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

எங்கள் மரம் நடும் குழுவில், மலைக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு சின்னப் புத்தகம் போடப்போகிறார்கள். மலையில் வேலை பார்க்கிற ஒவ்வொருவரும் கொஞ்சம் எழுதித் தர வேண்டும் என்று எங்கள் மேற்பார்வை அம்மா சொன்னார். "மலையில எப்படி நடந்துக்கணும்னு வர்றவங்களுக்குப் புரியணும். உங்க அனுபவத்துலருந்து நல்லதா ஒண்ணு எழுதுங்க" என்றார். நல்லதாக என்னிடம் இருந்தது ஒரே ஒரு சரிவுதான். அது எரிந்துபோன கதையைத்தான் நான் எழுத வேண்டியிருக்கிறது.

கிரிவலப் பாதையிலிருந்து மலைப்பக்கம் உள்ளே போகிற ஒற்றையடிப் பாதைகள் பல உண்டு. அதில் ஒன்று ஒரு வறண்ட ஓடையைத் தாண்டி, யானை படுத்தது போன்ற ஒரு பாறையில் போய் முடியும். பாறைக்கு மேலே இருக்கிற சரிவு என் பங்கு. ஆறு வருடம் அதில் வேலை செய்தேன். மலையில் குழி எடுப்பது கொல்லையில் எடுப்பது போல் இல்லை. கடப்பாரை ஒரு சாண் இறங்குவதற்குள் கல்லில் இடித்துக் கை அதிரும். வெளியே வந்த கல்லைக் குழிக்குக் கீழ்ப்பக்கம் அரைவட்டமாக அடுக்க வேண்டும். அப்போதுதான் மழைத் தண்ணீர் ஓடாமல் நிற்கும். நாவல், புங்கன், இலுப்பை, உசிலை என்று முந்நூற்றுச் சொச்சம் குழி. முதல் இரண்டு கோடைக்கும் கீழிருந்து தண்ணீர் தூக்கிக்கொண்டு போய் ஊற்றுவோம். தலையில் சும்மாடு, அதன் மேல் குடம். என் மனைவியும் இரண்டு கோடை தூக்கினாள். "புள்ளைக்குப் பால் குடுத்தது கூட இவ்ளோ கஷ்டமா இல்ல" என்பாள். ஆறாவது வருடம் சில புங்கன்கள் என் தலைக்கு மேல் போய்விட்டன. அதன் நிழலில் உட்கார்ந்து சோறு தின்ன ஆரம்பித்தேன்.

பொங்கல் முடிந்ததும் வேறு வேலை. அந்த மலையில் இடுப்பளவு புல் வளரும். கசக்கி முகர்ந்தால் எலுமிச்சை வாசம் வரும். அந்த வாசமே எண்ணெய்தான். மாசியில் காய்ந்து மஞ்சளாகிவிட்டால் ஒரு பொறி போதும். அதனால் சரிவைச் சுற்றி ஒரு ஆள் படுத்தால் எவ்வளவு நீளமோ அவ்வளவு அகலத்துக்குப் புல்லை அறுத்து, வேரோடு சுரண்டி, வெறும் மண்ணாக்கி வைப்போம். அதற்கு நாங்கள் தீக்கோடு என்று பெயர் வைத்திருந்தோம். தீ வந்தால் அந்தக் கோட்டோடு அது நின்றுவிட வேண்டும். கோடு போட்ட பிறகு கோடை முழுக்கக் காவல். முதுகில் மருந்தடிக்கிற டப்பா, அதில் தண்ணீர். கழுத்தில் ஒரு விசில்.

விசில் எல்லாருக்கும் கொடுத்தார்கள். ஆனால் என் விசிலைப் பற்றித்தான் பேச்சு. எனக்கு நல்ல துணி போட்டவர்களைப் பார்த்தால் வாய் திறக்காது. "இவரு வாயி வேலைக்கு ஆவாது, அதான் ஊத ஒண்ணு குடுத்துட்டாங்க" என்று கூட வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்கள். மேற்பார்வை அம்மா எனக்குத் தனியாகச் சொல்லிக் கொடுத்தார். "கோவமா சொல்லாதீங்க. கும்பிட்டு சொல்லுங்க. 'அம்மா, ஐயா, இங்க நெருப்பு வேணாம்'னு ஒரே வரி." வீட்டில் அந்த ஒரே வரியைச் சொல்லிச் சொல்லிப் பழகினேன். மனைவி அடுப்படியிலிருந்து, "நெருப்பு வேணாம்னா சோறு எப்படி ஆக்கறது?" என்றாள்.

மலைக்கு வருகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்டவனாக இருந்தால் விசில் ஊதிவிடலாம். இவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நடப்பார்கள். பாறையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அதே பாறையின் இடுக்கில் தண்ணீர் பாட்டிலைச் சொருகிவிட்டுப் போவார்கள். குரங்குக்குப் பிஸ்கட் போட்டால் புண்ணியம் என்று நினைப்பார்கள்; அந்தக் குரங்கு பிளாஸ்டிக் உறையோடு தின்கிறது என்று பார்க்க மாட்டார்கள். பாதையில் வராமல் நான் அடுக்கிய கல் மேல் ஏறி நின்று போட்டோ எடுப்பார்கள். கல் சரியும். அடுத்த மழைக்கு அந்தக் குழியில் தண்ணீர் நிற்காது. ஒருநாள் ஒருவர் என்னிடம், "இவ்ளோ அமைதியான இடம், நீங்க குடுத்து வெச்சவங்க" என்றார். சொல்லிக்கொண்டே கையிலிருந்த டிஷ்யூ பேப்பரைக் கீழே விட்டார். அவர் போனதும் பொறுக்கிப் பையில் போட்டேன்.

இனி ஆட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் எங்கள் ஊர்தான். உறவு என்று பெரிதாக இல்லை. ஊர் முறைக்கு நான் அவரை மாமா என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். இருபது ஆடுகளுக்கு மேல் வைத்திருந்தார். அவரும் நானும் மலையில் எதிரிகள். அவர் ஆடு என் கன்றைக் கடிக்கும், நான் விரட்டுவேன், அவர் மேலே நின்று திட்டுவார்.

"இன்னா மாப்ள, உன் செடி இன்னா தங்கத்துல முளைச்சுதா? ஒரு எல துன்னா இன்னா கொறஞ்சி போச்சி?"

"உன் ஆடு எலையவா துன்னுது? குருத்த துன்னுது மாமா."

"குருத்து தான்யா ருசி. நீ முருங்கக்கீரைய முத்தலாவா துன்ற?"

இப்படித்தான். சண்டை போட்ட பிறகு ஒரே புங்கன் நிழலில் உட்காருவோம். அவருக்கு பீடிப் பழக்கம் உண்டு. ஆனால் தை பிறந்துவிட்டால் மலையில் பற்ற வைக்க மாட்டார். பற்ற வைக்காத பீடியைப் பல்லில் கடித்துக்கொண்டே திரிவார். சாயங்காலம் தார் ரோட்டில் இறங்கிய பிறகுதான் தீப்பெட்டியை எடுப்பார். "புல்லு எரிஞ்சா உனக்குச் செடி போவும், எனக்கு சோறு போவும்" என்பார். இது எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன், பங்குனி மாதம். மதியம் சாப்பிட்டுவிட்டு எழுந்தேன். பாறைக்கு ஒரு குடும்பம் வந்திருந்தது. ஒரு ஐயா, அவர் மனைவி, கூட அவருடைய அக்கா. வெளியூர். மனைவி மெலிந்துபோய், தலையில் துணி கட்டியிருந்தார்கள். உடம்புக்கு முடியாமல் இருந்து தேறியவர்கள் என்று பார்த்தாலே தெரிந்தது. ஐயா பாறை மேல் ஒரு கை நிறையக் கற்பூரத்தைக் கொட்டினார். நான் ஓடினேன். கும்பிட்டேன். அந்த ஒரே வரி வாயில் வந்தது.

"ஐயா, இங்க நெருப்பு வேணாம்."

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். "அண்ணா, உச்சியில அவ்ளோ பெரிய தீபம் ஏத்தறாங்க. அந்தத் தீபத்துக்கு எரியாத மலை, என் கற்பூரத்துக்கா எரியப் போகுது? இந்த மலையே நெருப்புதானே?"

தீபம் கார்த்திகையில் ஏற்றுவது; அப்போது மழைக்காலம், புல் பச்சையாக இருக்கும்; இப்போது பங்குனி என்று சொல்லியிருக்கலாம். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த பதில். அது எனக்கு மறுநாள்தான் தோன்றியது.

அந்த அக்கா சொன்னார்கள்: "வேண்டுதல்ப்பா. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சா இந்த மலையில கற்பூரம் ஏத்தறேன்னு வேண்டிக்கிட்டோம். அஞ்சு நிமிஷம்."

ஏற்றினார்கள். அந்த அம்மா இரண்டு கையும் சேர்த்து அழுதார்கள். நானும் கும்பிட்டேன், கன்னத்தில் போட்டுக்கொண்டேன். விபூதி கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். கற்பூரம் நிறைய, சீக்கிரம் அடங்கவில்லை. கீழே ஆட்டோ நிற்கிறது என்று ஐயா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நீங்க இங்கதானே இருக்கீங்க? பார்த்துக்கங்க" என்று சொல்லிவிட்டு மூவரும் இறங்கிப் போனார்கள். வெற்றுக் கற்பூர டப்பாவும் பூ சுற்றிய பிளாஸ்டிக் பையும் பாறை மேலேயே கிடந்தன.

இப்போது பாறையில் நானும் கற்பூரமும்தான். முதுகில் தண்ணீர் இருக்கிறது. ஒரு அமுக்கு அமுக்கினால் போதும். ஒரு பிடி மண் போட்டாலும் போதும். நான் அணைக்கவில்லை.

ஏன் என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாமல் போகலாம். எங்கள் வீட்டில் விளக்கை வாயால் ஊத மாட்டோம். பூக்காம்பால் திரியை எண்ணெய்க்குள் இழுத்துக் குளிர வைப்போம். கற்பூரத்துக்கு அதுவும் இல்லை. சாமிக்கு ஏற்றினது தானாக அடங்க வேண்டும். அதுவும் ஒரு உயிருக்காக வேண்டிக்கொண்டு ஏற்றினது. நான் தண்ணீர் ஊற்றி அணைத்து, அந்த அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அந்தப் பாவம் யாருக்கு? இப்படித்தான் நினைத்தேன். அணைக்காமல், பக்கத்தில் காவல் நின்றேன். தீக்குக் காவலாகச் சம்பளம் வாங்குகிறவன் தீயை அணைக்காமல் அதற்கே காவல் நின்றேன்.

அடங்கிக்கொண்டுதான் வந்தது. கடைசியில் பொட்டுக்கடலை அளவு ஒரு துண்டு மட்டும் எரிந்தது. மலையின் அந்தப் பக்கத்திலிருந்து காற்று ஒருமுறை திரும்பியது. துண்டு உருண்டது. பாறை விளிம்பில் ஒரு நொடி நின்று, கீழே புல்லில் விழுந்தது.

குதித்தேன். மிதித்தேன். தண்ணீரை அடித்தேன். விசில் ஊதினேன். நான் மிதித்த இடம் அணைந்தது. மிதிக்காத இடம் எல்லாம் பிடித்தது. அந்தப் புல் எரியும்போது சத்தம் வரும், எண்ணெயில் கடுகு பொரிகிற சத்தம். மலையில் தீ மேல்நோக்கித்தான் ஓடும், ஆள் ஓடுவதை விட வேகமாக. பாறைப்பக்கம் என் தீக்கோடு இல்லை. பாறையே கோடு என்று விட்டிருந்தோம். அந்தப் பாறை மேலேயே ஒருவன் நெருப்பு கொண்டுவந்து வைப்பான் என்று நினைக்கவில்லை.

எங்கள் ஆட்கள் பச்சைக் கிளையோடு ஓடி வந்தார்கள். மேலே இருந்த ஆட்டுக்காரரும் ஆடுகளை ஓடைப்பக்கம் விரட்டிவிட்டு இறங்கி வந்து அடித்தார். அவர் துண்டு எரிந்தது. கை மயிர் கருகியது. பொழுது சாய்வதற்குள் தீ அடங்கியது. அணைந்தது என்று சொல்ல முடியாது. எரிய ஒன்றும் மீதி இல்லை. புங்கன்கள் நின்ற இடத்திலேயே கருப்பாக நின்றன. ஒன்றைத் தொட்டேன். சூடு உள்ளங்கையில் ஒட்டியது.

மறுநாள் காலை நாற்றுப் பண்ணைக் கொட்டகையில் எல்லாரையும் உட்கார வைத்தார்கள். மேற்பார்வை அம்மா கத்தவில்லை. யார் வைத்தது என்று மட்டும் கேட்டார். ஒருவர், "வேற யாரு, ஆட்டுக்காரன்தான். பீடி போட்டிருப்பான்" என்றார். இன்னொருவர், "பீடி இல்ல. புதுப்புல்லு வரட்டும்னு வேணும்னே கொளுத்தறானுங்க" என்றார். மேற்பார்வை அம்மா என்னைப் பார்த்தார்.

"உங்க சரிவு. நீங்கதான் முதல்ல விசில் அடிச்சீங்க. அந்த நேரத்துல அங்க யார் இருந்தாங்க?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கற்பூரம் என்று சொன்னால், நீ எங்கே இருந்தாய் என்பார்கள். பக்கத்தில் என்றால், முதுகில் என்ன இருந்தது என்பார்கள்.

"ஆடு இருந்துச்சி" என்றேன்.

பொய் இல்லை. ஆடு இருந்தது. அந்த இரண்டு வார்த்தைக்கு மேல் நான் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. எல்லாருக்கும் அது போதுமாக இருந்தது.

ஊரில் பேசினார்கள். அந்தப் பக்கம் இனி ஆடு ஓட்டக்கூடாது என்றார்கள். வேறு பக்கம் போனாலும், "கொளுத்தறவன் வந்துட்டான்" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். டீக்கடையில் அவர் பீடி பற்ற வைத்தால், "இன்னிக்கி எந்த மலை மாமா?" என்று இளசுகள் கேட்டார்கள். நான் அதே கடையில் டீ குடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். டம்ளரைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். ஆடி மாதத்துக்குள் அவர் கீழ்பென்னாத்தூர் பக்கத்து வியாபாரி ஒருவரிடம் எல்லா ஆட்டையும் விற்று, ஒரே நாளில் வேனில் ஏற்றிவிட்டார். வேன் போன பிறகும் ரோட்டிலேயே நின்றார் என்று என் மனைவி சொன்னாள். அவளுக்கும் அப்போது உண்மை தெரியாது. பிறகு சொன்னேன். மறுநாள், "எனக்கு எதுக்கு சொல்ற? சொல்ல வேண்டியது என்கிட்டயா?" என்று மட்டும் கேட்டாள்.

மூன்று வருடம் ஆயிற்று. எரிந்த சரிவில் திரும்பக் குழி எடுக்கிறேன். சில புங்கன் அடிவேரிலிருந்து துளிர்த்தன. இலுப்பை ஒன்றும் வரவில்லை. இப்போது யார் கற்பூரம் வைத்தாலும் தண்ணீர் அடிக்கிறேன். "நீயெல்லாம் மனுசனா?" என்று ஒரு அம்மா கேட்டார்கள். "சாமிய அவிக்கறியே, விளங்குவியா?" என்றார் ஒரு பெரியவர். கேட்டுக்கொள்கிறேன். நான் விளங்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

இந்தப் புத்தகத்துக்கு எழுதச் சொன்னதும் பேனாவை எடுத்து, 'மலைக்கு வருகிறவர்கள் நெருப்பு கொண்டுவர வேண்டாம்' என்று எழுதினேன். அடுத்த வரி போகவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்காரரைத் தேடிப் போனேன். வேங்கிக்காலில் கட்டிக்கொண்டிருக்கிற ஒரு வீட்டுக்கு அவர் காவலாக இருக்கிறார். செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"வா மாப்ள. இங்க கடிக்கறதுக்கு ஆடு இல்ல, பயப்படாத வா."

நின்றபடியே சொன்னேன். கற்பூரம், காற்று, கொட்டகை, எல்லாவற்றையும் சொன்னேன். நான் முடித்ததும் அவர் சொன்னார்:

"தெரியும்."

எனக்குப் புரியவில்லை.

"மேல் பாறையிலருந்து பார்த்துகினு தான இருந்தேன். அவங்க ஏத்தனது தெரிஞ்சுது. நீ கன்னத்துல போட்டுகினது கூட தெரிஞ்சுது. தண்ணி அடிப்பான், தண்ணி அடிப்பான்னு பார்த்துகினே இருந்தேன்."

"அப்ப ஏன் மாமா சொல்லல?"

"யாரு நம்புவா? சாமி கும்புட வந்தவங்க மலைய எரிச்சாங்கன்னா ஊரு ஒத்துக்குமா? ஆட்டுக்காரன் எரிச்சான்னா ஒடனே ஒத்துக்கும்." செங்கல் மேல் இருந்த மண்ணைக் கையால் தள்ளினார். "அதுவும் இல்லாம, நீ சொல்லுவன்னு இருந்தேன். மொத வாரம் இருந்தேன். ஆடு ஏத்தற அன்னிக்குக் கூட இருந்தேன்."

நான் அவர் காலில் விழப் போனேன். காலை இழுத்துக்கொண்டார்.

"அதெல்லாம் வாணாம். மூணு வருசம் என் பொண்டாட்டி தண்ணி பிடிக்கற எடத்துல தலைய குனிஞ்சிகினு நின்னா. என்கிட்ட தனியா வந்து சொன்னா அது சரியாயிடுமா? எங்க சொன்னியோ அங்க போயி சொல்லு. எத்தினி பேரு கேட்டாங்களோ அத்தினி பேருக்கும் கேக்கற மாரி சொல்லு."

திங்கட்கிழமை கொட்டகையில் எழுந்து நின்றேன். "அன்னிக்கி" என்று ஆரம்பித்தேன். எல்லாரும் பார்த்தார்கள். உட்கார்ந்துவிட்டேன். ஒருவர், "விசில் குடுங்கபா" என்றார். சிரித்தார்கள். அன்றிலிருந்து ஐந்து நாளாக இதை எழுதினேன். வாய்க்கு வராதது எனக்குக் கைக்கு வந்திருக்கிறது.

எழுதினதை நேற்று மேற்பார்வை அம்மாவிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். "அன்னிக்கி நானும் அடுத்த கேள்வி கேக்கல" என்றார். பிறகு, "கற்பூரம்னு போட்டா வர்றவங்க மனசு நோகும். நெருப்புனு மட்டும் போடலாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பொத்தாம் பொதுவாக நெருப்பு என்று போட்டால் பீடி என்று படித்துக்கொள்வார்கள். புத்தகத்தில் போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம். கொட்டகையில் மட்டும் ஒரு வரி விடாமல் எல்லாருக்கும் படித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டேன். நாளைக் காலை வேலைக்குப் போகும் முன் படிப்பதாகச் சொன்னார். ஆட்டுக்காரரையும் அவர் மனைவியையும் வரச் சொல்லி என் மனைவி போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அவர் வருகிறேன் என்று சொல்லவில்லை. அவர் மனைவி, எத்தனை மணிக்கு என்று கேட்டாராம்.

மலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். வெறும் கையோடு வாருங்கள். கொண்டுவந்ததைத் திரும்பக் கொண்டுபோங்கள். பாதையை விட்டு இறங்காதீர்கள். வேண்டுதல் இருந்தால் கோயிலில் ஏற்றுங்கள், அங்கே கல் தரை இருக்கிறது. யாரோ ஒருவரைப் பார்த்து, பார்த்துக்கங்க என்று சொல்லிவிட்டு இறங்காதீர்கள். அங்கே நிற்கிறவன் என்னைப் போன்ற ஆளாகவும் இருக்கலாம்.

இதை எழுதி முடித்தது: மாசி மாதம் 24ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.